செல்வராணி தூக்கிய கை

செல்வராணி அன்றைக்கு ஏன் கையைத் தூக்கினாள்? முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியாது.

தண்ணீர் தெளித்த செம்மண்ணும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை... ராஜபாளையத்தில் அந்த ஸ்கூல் கிரவுண்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதுதான் வரும். ஹைஸ்கூல் பெண்களுக்கான பாஸ்கட்பால் டோர்னமென்ட். ஃபைனலில் அந்த ஊர் டீமும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன நாங்களும்.

ராஜபாளையத்தில் மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் ட்ராவலிங் என்றால் என்னவென்று தெரியும். பந்தைத் தட்டாமல் ஓரடி கூடுதலாக வைத்துவிட்டேன். முன்வரிசையிலிருந்து அப்படி ஒரு அண்ணாச்சியின் குரல் வந்தது.

"ஏட்டி, பந்தத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கா போற?"

எங்கள் டீமே சிரித்துவிட்டது. நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

காலையில் கிளம்பும்போது அப்பா சொல்லியிருந்தார். "டிஸ்ட்ரிக்ட் டீம்ல பேரு வந்தா மேல ஆடு. இல்லேன்னா பத்தாப்போட இது போதும்."

டிஸ்ட்ரிக்ட் டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஸ்கோரர் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் டீமிலிருந்து ஒருத்தியைத்தான் எடுப்பார்கள், அது நானாக இருக்கலாம், செல்வராணியாக இருக்கலாம் என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார்.

செல்வராணி என் வகுப்பு. வத்திராயிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்தவள். அவள் பனியனில் பதினொன்று, என்னுடையதில் எட்டு.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருந்தது. இரண்டு பேருக்குமே நாலு ஃபவுல் ஆகியிருந்தது. ஐந்தாவது வந்தால் வெளியே போக வேண்டியதுதான்.

எதிர் டீமின் உயரமான பெண் பந்தோடு எழும்பினாள். தடுக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழும்பினோம். என் கை அந்தப் பெண்ணின் முழங்கையில் பட்டது. நன்றாகவே பட்டது.

விசில்.

ரெஃப்ரிக்கும் எங்களுக்கும் நடுவே மூன்று பேர் நின்றார்கள். யாருடைய கை என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது ஒரு வழக்கம் உண்டு. ஃபவுல் செய்தவர் மேஜையைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும், ஸ்கோரர் குறித்துக்கொள்வதற்காக.

நான் தூக்குவதற்குள்... இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும். நான் தூக்கவில்லை. சும்மா நின்றேன். பக்கத்தில் செல்வராணியின் கை மேலே போயிருந்தது.

"சார், அந்தப் புள்ள தொடவே இல்ல. எட்டாம் நம்பருதான்." முன்வரிசை அண்ணாச்சிதான்.

"அண்ணாச்சி, விசிலு என் வாயில இருக்கு. செத்த உக்காருங்க," என்றார் ரெஃப்ரி.

"விசிலு இருக்கட்டும். கண்ண எங்க வச்சிருக்கீக?"

கிரவுண்டே சிரித்தது. செல்வராணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

மிச்ச நேரத்தில் நான் மூன்று பாஸ்கட் போட்டேன். அப்படியும் இரண்டு பாயிண்டில் தோற்றோம். கப் ராஜபாளையத்துக்குப் போனது. சாயங்காலமே டிஸ்ட்ரிக்ட் டீம் பெயர்களை வாசித்தார்கள். எங்கள் ஸ்கூலிலிருந்து என் பெயர். முதலில் கைதட்டியது அந்த அண்ணாச்சி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெயர் வந்ததால் அப்பா விட்டார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மதுரையில் காலேஜ் சீட் கிடைத்தது. அங்கிருந்து யுனிவர்சிட்டி, பிறகு வேலை... எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நாலு நிமிஷம் இருக்கிறது.

தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அதனால் வேறு காரணங்களைத் தேடிப் பார்த்திருக்கிறேன். வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரமோ? டிஸ்ட்ரிக்ட் டீமில் அவளுக்கு ஆசையே இல்லையோ? அப்பா சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருந்தேனா என்பதே நினைவில்லை. பத்தாவது முடிந்து அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரணம் தெரியாமலே நன்றியோடு இருக்கப் பழகிவிட்டேன்.

சமீபத்தில் அதே கிரவுண்டில் ஒரு மேட்ச் பார்த்தேன். சிமென்ட் கோர்ட், பெரிய லைட்டுகள். ரெஃப்ரி விரலால் நம்பரைக் காட்டுகிறார், போர்டில் எண் மாறுகிறது. யாரும் கை தூக்குவதில்லை. நல்ல ஏற்பாடுதான். தவறு குறையும். அன்றைக்கு இது இருந்திருந்தால் பெஞ்சுக்குப் போனவள் நானாக இருந்திருக்கலாம்.

அப்போதெல்லாம் டோர்னமென்ட் முடிந்தால் பனியன்களைத் துவைத்துக் காயவைத்து ஸ்கூலில் ஒப்படைப்பது எங்கள் வேலை. அந்த ஃபைனலுக்கு மறுநாள் குழாயடியில் அந்த வேலை எனக்கும் செல்வராணிக்கும் விழுந்தது. பனியனின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து முறுக்கினோம். கடைசிப் பனியன் வரைக்கும் காத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

"நேத்து அந்த ஃபவுல் நான்தான் பண்ணுனேன்."

"தெரியும்ட்டி," என்றாள். "இறுக்கிப் பிடி. தண்ணி இன்னும் சொட்டுது."