பூவரசம் பலகையில் ஒரு சங்கு

என் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன 'ர'வுக்கும் பெரிய 'ற'வுக்கும் எனக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது தொண்ணூற்று மூன்றில் நடந்தது. எங்கள் உறவுக்காரர்கள் மரக்காணம் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள். என் சித்தப்பாவுக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி வரும். அதனால் திண்டிவனத்தில் எங்களோடு தங்கி, கதவு செதுக்கும் பட்டறைக்குப் போய்வந்தார். பட்டறையில் மிஞ்சும் பூவரசம் பலகைகளில் வேப்பங்கொத்து, உப்பளத்துக் கொக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் செதுக்குவார். மை தடவி, பட்டம் செய்யும் மெல்லிய தாளை மேலே போட்டு, கரண்டியின் முதுகால் தேய்ப்பார். தாளை உரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். நானும் அடக்கிக்கொள்வேன்.

கடற்கரைக் குப்பத்தில் ஒரு பெண் மேல் அவருக்கு விருப்பம். பெண்ணின் அப்பாவோ, "கடலுக்குப் போவாதவனுக்கு எம்பொண்ணு கெடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நேரில் போய்க் கேட்போம் என்று என் அம்மா கிளம்பினார். வெறுங்கையோடு போக வேண்டாமென்று சித்தப்பா புதிதாக ஒரு படம் செய்தார். நான் கரையில் பொறுக்கிவந்த சங்கை எதிரில் வைத்து, அதை அப்படியே பலகையில் செதுக்கினார்.

அப்படியே செதுக்கியதுதான் தவறு. பலகையில் இடது பக்கம் இருப்பது தாளில் வலது பக்கம் போய் உட்காரும். கொக்குக்கும் வேப்பிலைக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை. சங்கின் கதை வேறு. எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை.

நாங்கள் மூவரும் போனபோது பெண்ணின் அப்பா, வயதான பெரியவர், வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"இன்னாப்பா, மரத்தச் சொரண்டிக்கினு சோறு துன்றியாமே?"

சித்தப்பா படத்தை நீட்டினார். பெரியவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். சுழியின் மேல் விரலை ஓட்டினார்.

"அட, வலம்புரிடா இது! இத்தினி வருசமா வல போடறேன், எங்கண்ல ஒண்ணு பட்டதில்ல. எத்தப் பாத்து செஞ்ச?"

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. வழக்கமான கூச்சம் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வூட்ல கீது தாத்தா. நாந்தான் பொறுக்கினேன்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அம்மா விடுவாரா? "எங்க கொழுந்தனாரு கடலுக்குப் போவாட்டி இன்னாங்க? கடலு அவர தேடிக்கினு வந்துக்குதே!"

பெரியவர் சிரித்துவிட்டார். அப்போது பெண் வந்து படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நல்லாக்குதுப்பா. நானே வச்சிக்கறேன்" என்றார்.

"வலம்புரி கீற வூடு. போம்மா, எல்லாருக்கும் காபி போடு" என்றார் பெரியவர்.

திரும்பும் பஸ்ஸில் சித்தப்பா என் காதருகே குனிந்தார். "டேய், நீ பொறுக்கினது எடம்புரிடா. அச்சுல திரும்பிக்கிச்சு. அவகிட்ட மட்டும் மூச்சு வுட்றாத."

கல்யாணம் நடந்தது. சங்கை உளிப்பெட்டிக்கு அடியில் சித்திக்குத் தெரியாமல் ஒளித்துவைத்தோம். பெரியவர் வரும்போதெல்லாம் அதைக் கேட்பார். "அத்த சும்மா சும்மா எடுக்கக் கூடாதுப்பா. படத்தப் பாத்துக் கும்புட்டுக்கோ" என்பார் சித்தி. நானும் சித்தப்பாவும் கண்ணடித்துக்கொள்வோம். பாவம், ஒன்றும் தெரியாதவர் என்று எனக்குச் சித்திமேல் இரக்கம்கூட உண்டு.

இப்போது நானும் சித்தப்பாவின் மேசையில் படம் தேய்க்கிறேன். போன வாரம் அந்தப் பழைய சங்குப் பலகையில் ஒரு தாள் எடுத்து, மை காய்ந்ததா என்று ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன். கை தவறித் தாள் பின்பக்கமாகத் திரும்பியது. மெல்லிய தாள் வழியாகத் தெரிந்தது நான் பொறுக்கிய சங்கு, இடம்புரியாகவே. அன்று வாசல் வெளிச்சத்தில் சித்தி திருப்பிப் பார்த்ததும் இப்படித்தான்.

கேட்டுவிடலாம் என்று அடுப்பங்கரைக்குப் போனேன். சித்தி நண்டு கழுவிக்கொண்டிருந்தார். "இன்னாடா?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன். அவரிடமிருந்து ஒரு ரகசியத்தைக் காத்துவருகிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திண்டிவனம், 22.1.2017, ஞாயிற்றுக்கிழமை.