மார்கரின் இருந்த இடத்தில்

இந்த ஊரில் காலையிலேயே ரொட்டியில் கொழுப்பைத் தடவி, உப்புத் தூவிச் சாப்பிடுகிறார்கள். ஸ்மாலெட்ஸ் என்று பெயர். பன்றிக்கொழுப்பை உருக்கி உறைய வைத்தது. முதலில் பார்த்தபோது வெண்ணெய் என்றே நினைத்தேன்.

போலந்தின் சிறு நகரமொன்றில் பேக்கரி வேலை எனக்கு. முன்பு தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். அங்கே வெண்ணெய் பிஸ்கட்டில் வெண்ணெய் கிடையாது, டால்டாதான். “டால்டா போட்டாத்தாங்க மொறுமொறுன்னு வரும்” என்று முதலாளி வாடிக்கையாளர்களிடமே சொல்வார். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்பது எனக்கு வெறும் பக்குவ விஷயமாகத்தான் இருந்தது.

இங்கே என்னோடு வேலை செய்தவள் உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த தில்னோசா. எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை போலிஷ் மொழி மட்டுமே. நோன்பு மாதத்தில் பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுப்பருகே நின்றாள். பொழுது சாய்ந்ததும் கடையின் உப்புப் பன் ஒன்றைத் தின்று நோன்பு திறப்பாள். ஒரு மாலை குளிரறைக்குள் போனேன். பன் மாவில் சேர்க்கும் மார்கரின், டால்டா மாதிரித் தாவரக் கொழுப்பு, இருந்த இடத்தில் ஸ்மாலெட்ஸ் பெட்டிகள். இங்கே மாவு கலப்பது முதலாளி; எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. வெளியே ஓடிவந்தேன். கையில் பன்னோடு, பொழுது சாயக் காத்து அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிடாதே! பன்றி!” அவ்வளவுதான் வாயில் வந்தது. அவளைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து முகம் சிவந்தாள். குளிரறைக் கதவைத் திறந்து பெட்டிகளைக் காட்டினேன்.

“எத்தனை நாளாக?” என்று கேட்டாள்.

முதலாளியிடம் கேட்டேன். “மாதம் பிறந்ததிலிருந்து. ஏன், நீ இந்துதானே? உனக்கு ஆகும்தானே?” என்று சிரித்தபடி என் தோளைத் தட்டினார். எனக்காகக் கேட்கவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார். தில்னோசா பின்கதவருகே குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டுக் குமட்டினாள். பகல் முழுவதும் காய்ந்த வயிறு. எதுவும் வரவில்லை.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. மதிய இடைவேளையில் கடை வேனில் போய் இறங்கி, அவள் தங்கியிருந்த மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்த பெண் என் சட்டையிலிருந்த கடைப் பெயரைப் பார்த்தாள். “ஊரைவிட்டே போய்விட்டாள்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

படியிறங்கும்போது தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊரான ஏரியூரிலிருந்து மனைவி அழைத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“அய்யோ, பாவங்க அந்தப் புள்ள. அந்த வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துருங்க.”

வேலையை விட்டால் விசா போய்விடும், திரும்பி இங்கே வரவே முடியாது என்பது அவளுக்கும் தெரியும். போனில் பென்னாகரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கீழே தெருவில் எங்கள் கடை வேன் என்னை ஏற்றிக்கொள்ள ஹாரன் அடித்தது. இரண்டு சத்தத்துக்கும் நடுவில், மாவு படிந்த சட்டையோடு படியிலேயே நின்றேன்.