தாந்த் நிறைந்த கடற்கரை

பாடசாலை விடுமுறை நெருங்கினால் பாரிஸில் எல்லோரும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "வு பார்த்தே?" நீங்கள் புறப்படுகிறீர்களா? எங்கே, யாரோடு, எதற்கு என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் இருக்காது. புறப்படுவது என்றாலே வக்கான்ஸ், விடுமுறைப் பயணம்தான் என்று இந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் வேலை செய்யும் பாடசாலை உணவுச்சாலையில், கந்தீனில், முதன்முறை இதைக் கேட்டவர் தலைமைச் சமையல்காரர். என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து திரிந்த காலம் அது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை மிஸ்யூ, என்னிடம் கார்ட் இருக்கிறது" என்றேன். அவர் கொஞ்சம் குழம்பினார். பிறகு நான் ரயில் கட்டணக் கழிவு அட்டையைத்தான் சொல்கிறேன் என்று முடிவுசெய்து, மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள் என்று வாழ்த்திவிட்டு நகர்ந்தார்.

எங்கள் ஆட்கள் பயணமே போகாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கலியாணத்துக்கு லண்டன், பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு ரொறன்ரோ, செத்த வீட்டுக்கு ஜெர்மனி என்று வருஷம் முழுக்கப் பெட்டி கட்டுகிறவர்கள்தான். ஆனால் போகிற இடத்தில் எங்களை ஏற்றிப்போக ஒரு சொந்தக்காரர் வந்து நிற்க வேண்டும். அவருடைய வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். திரும்பி வரும்போது அவர்கள் தந்த மிளகாய்த்தூள் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இவை இல்லாத ஒன்றைப் பயணம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆகவே, மருத்துவமனையில் தாதியாக வேலைக்குச் சேர்ந்த என் மகள் ஆரணி, நாங்கள் எல்லோரும் கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குப் போகப்போகிறோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தபோது, என் கணவர் குகன் கேட்ட முதல் கேள்வியில் ஆச்சரியமில்லை.

"அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

ஒருவரும் இல்லை, அதுதான் விசேஷம் என்று ஆரணி பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் பிரெஞ்சுதான்.

எப்போது போவது என்பதில் தேர்வு இருக்கவில்லை. குகன் சமைக்கிற பிரெஞ்சு உணவகத்தின் முதலாளி ஈஸ்டர் வாரத்தில் மட்டும்தான் கடையைப் பூட்டிவிட்டுத் தன் தாயைப் பார்க்கப் போவார். அந்த வருஷம் என் கந்தீனுக்கும் அதே வாரம் விடுமுறை. தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவிலுள்ள எங்கள் பயண முகவரிடம் குகன்தான் போனார். கொழும்புக்கும் சென்னைக்கும் பயணச்சீட்டுப் போட்டுப் பழகிய மனிதர் அவர். ஊரின் பெயரைக் கேட்டதும் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "அண்ணை, அங்கை ஆர் செத்தது?" என்று விசாரித்திருக்கிறார். ஒருவரும் சாகவில்லை, சும்மாதான் போகிறோம் என்றிருக்கிறார் குகன். "சும்மாவோ?" என்று அவர் கேட்ட தொனியைக் குகன் வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று தடவை நடித்துக் காட்டினார்.

எங்கள் வீட்டில் நான்காவதாக ஒரு ஆள் இருக்கிறாள். குகனின் தங்கை பவானி. நானும் குகனும் தொண்ணூறுகளில் இங்கே வந்துவிட்டோம். பவானி வன்னியிலேயே இருந்தாள். யுத்தத்தின் கடைசியில் முல்லைத்தீவுக் கரைவரை ஒதுக்கப்பட்ட சனங்களோடு அவளும் போய், அந்த மணலில் பிளாஸ்டிக் தறப்பாளில் கொட்டில் போட்டு, விழும் குண்டுகளுக்குக் கீழே மாதக்கணக்கில் இருந்தாள். அங்கேதான் தன் கணவனைப் பறிகொடுத்தாள். அப்போது நாங்கள் பாரிஸின் லா சப்பல் பகுதியில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். பல வருஷங்கள் கழித்து, பல நாடுகள் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்தாள். லா சப்பலை ஒட்டிய மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் சிறிய வீட்டின் நடு அறை அவளுடையது. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறாள். அகதிக்கான அட்டை கிடைத்தது அண்மையில்தான். அந்தக் கரையைப் பற்றி அவள் பேசியதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை. கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

என்னோடு வேலை செய்யும் ஜொசெத் குவாதலூப்பில் பிறந்தவள். பயணச்சீட்டு எடுத்த செய்தியைப் பெருமையோடு சொன்னேன். அவள் தலையில் கை வைத்தாள். "ஈஸ்டருக்கா? பெரிய வெள்ளிக்கு அங்கே எல்லாம் பூட்டு. ஒரு துண்டு பாண்கூடத் தேட வேண்டும். கடற்கரை முழுக்க தாந்த். கால் வைக்க இடமிருக்காது."

பிரெஞ்சில் தாந்த் என்றால் மாமி, சித்தி, பெரியம்மா எல்லாம்தான். கடற்கரை முழுக்க மாமிமார் என்று எனக்கு விளங்கிற்று. அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. அவர்கள் ஊர் வழக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அன்று பின்னேரம் வீட்டில் அப்படியே சொன்னேன்.

"மாமிமார் நிறைஞ்ச கடற்கரையோ?" என்றார் குகன். "அதுக்கேன் பிளேன் ஏறுவான்? சனிக்கிழமை ரூ காயிலை போய் நிண்டால் போதுமே."

பவானி வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாள். ஆரணி சிரிப்பை அடக்க முடியாமல் கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து மேசை நடுவில் வைத்தாள். "அம்மா, அந்தத் தாந்த் இல்லை. மற்றத் தாந்த். ரெண்டும் ஒரே சத்தம்தான். இது கூடாரம். ஈஸ்டருக்கு எல்லாரும் குடும்பத்தோடை வந்து கடற்கரையிலை கூடாரம் அடிச்சுத் தங்குவினம்."

படத்தில் கடற்கரை மரங்களுக்கிடையே கயிறு கட்டி நீலத் தறப்பாள்கள் வரிசையாக இருந்தன. மணலில் அடுப்பு, பெரிய பானை, தண்ணீர்க் கான்கள், சுற்றிவரக் குழந்தைகள். பவானி படத்தைப் பார்த்தாள். பிறகு உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். வெங்காயம் வெட்டும் சத்தம் வழக்கத்தைவிட நிதானமாகக் கேட்டது.

பயணத்தை நிறுத்திவிடலாம் என்றார் குகன். நிறுத்தினால் ஏன் என்று பவானிக்குச் சொல்ல வேண்டும் என்றேன் நான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த திட்டமிடலை விடுமுறை ஏற்பாடு என்பதைவிட இராணுவ நடவடிக்கை என்பதே பொருந்தும். ஆரணி தீவின் வரைபடத்தைத் திறந்துவைத்துக் கூடாரம் அடிக்கப்படும் கரைகளையெல்லாம் கண்டுபிடித்தாள். கடலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மலையடிவாரத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வீடு எடுத்தோம். வியாழக்கிழமையே சாமான் வாங்கிவிடுவது, வெள்ளியிலிருந்து திங்கள்வரை மலையும் அருவியும் பார்ப்பது, சனங்கள் கலைந்த பிறகு செவ்வாய்க்கிழமை வெறும் கடற்கரைக்குப் போவது. கடல் பார்க்கப் போகிறவர்கள் கடலைப் பார்க்காமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபட்டதை முகவர் கேள்விப்பட்டால் அவருடைய சந்தேகம் உறுதியாகியிருக்கும். பவானியிடம், மலை நாட்டுக் குளிர்மை உடம்புக்கு நல்லது என்றோம். அவள் "ஓம் அண்ணி" என்றாள்.

ஒரு பகல் முழுக்கப் பறந்தும் பிரான்ஸ் முடியவில்லை. இறங்கிய விமான நிலையத்தில் பவானி தன் அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினாள். அங்கிருந்த பொலிஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு "போன்ழூர்" என்று திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். வெளியே வந்தால் தென்னை, முருங்கை, புழுக்கம். தென்னையின் கீழே பிரெஞ்சுப் பாண் கடை. எங்கள் ஊரைப் பிடுங்கிக்கொண்டுவந்து அதன்மேல் பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகளைக் குத்திவிட்டதுபோல இருந்தது. குகன் வாடகைக் காரின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். "சிவப்பு" என்று மட்டும் சொன்னார்.

திட்டம் வெள்ளிக்கிழமை காலையிலேயே உடைந்தது. வியாழக்கிழமை கடைக் கூட்டத்தில் அரிசி, பருப்பு, மீன், தேங்காய் எல்லாம் வாங்கியவர்கள் உப்பை மறந்துவிட்டோம். பக்கத்து வீடுகளில் ஆளில்லை. கடை ஏதாவது திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் நால்வரும் காரில் புறப்பட்டோம். சுற்றிவரக் கடலுள்ள தீவில் உப்புக்கு அலைந்தோம். ஊர் ஊராகப் பூட்டுத்தான். தேவாலயங்கள் மட்டும் திறந்திருந்தன. பிறகு ஒரு சந்தியில் திரும்பிய குகன், கூரைமேல் பானைகளும் கதிரைகளும் கட்டிய கார்களின் வரிசைக்குள் மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் கரும்பு, மறு பக்கம் வாய்க்கால். திருப்ப இடமில்லை. முன்னால் போன வாகனத்தின் பின்கண்ணாடியில் ஒரு சுருட்டிய நீலத் தறப்பாள் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தது.

"அப்பா, திருப்புங்கோ" என்றாள் ஆரணி, தமிழில்.

"எங்கை திருப்புறது?"

தெரு கடற்கரையில் முடிந்தது. கார் நின்றதும் முதலில் இறங்கியவள் பவானி. நான் கதவைத் திறப்பதற்குள் அவள் கூடாரங்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கியிருந்தாள். படத்தில் பார்த்ததைவிட நெருக்கமாக இருந்தது. தறப்பாள் காற்றில் படபடத்தது. புகை, பொரிக்கும் எண்ணெய், ஈரத் துணிகள், யாரோ குழந்தையைக் கூப்பிடும் குரல். நான் மணலில் கால் புதையப் பின்னால் ஓடினேன்.

ஒரு கூடாரத்தின் முன்னால் கருவாட்டு மீன் கலந்த அக்ரா என்னும் வடை பொரித்துக்கொண்டிருந்த பருத்த பெண் ஒருத்தி, தனியாக வரும் பவானியைப் பார்த்து, எங்கேயிருந்து வருகிறாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பவானியிடம் எப்போதும் ஒரே பதில்தான். "லா சப்பல்."

சப்பல் என்றால் சிறு தேவாலயம் என்பதும், அன்று பெரிய வெள்ளி என்பதும் எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தப் பெண்ணின் முகம் மரியாதையால் நிறைந்தது. இந்த வெயிலில் சிலுவைப் பாதை முழுவதையும் முடித்துவிட்டா வருகிறாய் என்று கேட்டாள். பவானிக்கு விளங்கியது பாதி. தலையாட்டினாள். உடனே ஒரு கதிரை வந்தது, தண்ணீர் வந்தது, தட்டு நிறைய அக்ரா வந்தது. வற்றாப்பளை அம்மனைத் தவிர வேறொருவரிடமும் கையெடுக்காத என் மச்சாள், தறப்பாளின் நிழலில் பக்தையாக வீற்றிருந்தாள்.

நான் அவளருகில் குந்தினேன். "பவானி, வாரும், போவம்."

"இருங்கோ அண்ணி."

கையில் அக்ரா ஆறிக்கொண்டிருந்தது. அவள் சுற்றிவரப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இஞ்சை ஒருத்தரும் வானத்தைப் பாக்கேல்லை" என்றாள்.

குகனும் ஆரணியும் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

"இவைக்கு வீடு இல்லையோ?" என்று பவானி ஆரணியைக் கேட்டாள். ஆரணி அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னாள். வீடு இருக்கிறது, அந்த வளைவுக்கு அப்பால்தான், நடந்தே போகலாம், திங்கட்கிழமை திரும்பிவிடுவார்கள்.

"வீடு கிட்டத்தானோ?"

"ஓம் மாமி."

"ஏன் பின்னை இஞ்சை வந்து படுக்கினம்?"

பவானி ஆரணியையும் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. நீர் வந்த பிறகும் சிரிப்பு முடியவில்லை. எந்த இடத்தில் அது அழுகையானது என்று எனக்குத் தெரியாது. வடை பொரித்த பெண், பெரிய வெள்ளிதானே என்று நினைத்திருக்க வேண்டும். அடுப்பை விட்டு வந்து பவானியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என் இத்தனை வருஷத்து மரியாதையால் செய்ய முடியாதது அது. திரும்பும்போது ஒரு சிறு பேணியில் உப்பும் தந்தாள். கறி அன்று பின்னேரம்தான் அடுப்பில் ஏறியது.

சனியும் ஞாயிறும் திட்டப்படி அருவி பார்த்தோம். அருவி அழகாகத்தான் இருந்தது. பவானி எங்களுக்குச் சில விஷயங்கள் சொன்னாள், கேட்காமலே. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. திங்கட்கிழமை காலை தானே சேலை மாற்றிக்கொண்டு வந்து, "அண்ணை, அந்தக் கடற்கரைக்குப் போவமோ?" என்று கேட்டாள்.

போனபோது அந்தப் பெண்ணின் குடும்பம் நண்டும் சோறும் பரிமாறிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் தட்டு வந்தது. இதில் என்ன தூள் போட்டீர்கள் என்று குகன் தொழில் ஆர்வத்தில் விசாரித்தார். "கொலம்போ" என்றாள் அவள். வன்னிக்குப் படை அனுப்பிய கொழும்பின் பெயர்தான் தூளுக்குமாம். பவானி தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு மணத்தைப் பிடித்துப் பார்த்து, கிட்ட இழுத்து, நண்டின் காலைக் கடித்தாள்.

சாப்பாட்டுக்குப் பின் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. கூடாரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்தப் பெண் தறப்பாளின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கத்தைப் பவானியிடம் நீட்டினாள். இருவரும் இழுத்து உதறினார்கள், நடந்து வந்து சந்தித்தார்கள், மடித்தார்கள், விலகினார்கள், மறுபடி சந்தித்தார்கள். கடைசி மடிப்பில் பவானியின் கை கொஞ்சம் தாமதித்தது. பிறகு விட்டது. அவர்களுடைய கார் வளைவில் மறைந்தது.

கூடாரம் இருந்த இடத்தில் மணல் நனையாமல் வெளிறிக் கிடந்தது. சுற்றிவர ஈரம். பவானி அந்தக் காய்ந்த துண்டின்மேல் போய், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆரணி காரிலிருந்து பிரெஞ்சில் கூப்பிட்டாள்.

"வாறன்" என்றாள் பவானி.

எங்கள் பேச்சில் வருகிறவரும் அதைத்தான் சொல்வார், விடைபெறுகிறவரும் அதைத்தான் சொல்வார். அவள் அதைக் கடலைப் பார்த்தே சொன்னாள். குகன் காரின் இயந்திரத்தை நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம்.