சைபரைத் தின்ற பெட்டி

பொன்மணி பேறுகாலத்துக்கு விஸ்வநத்தத்துத் தாய்வீட்டுக்கு வந்தபோது மதுரைக் கம்பெனியின் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அது 2008. கம்ப்யூட்டர் ஓர் அளவுக்குமேல் நீளமான எண்ணைத் தாங்காது. இருநூறு இலக்கம் என்றாலும் பிசகாமல் பெருக்குகிற புரோகிராம் ஒன்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அது சின்னதாக இருக்கணும், வேகமாகவும் ஓடணும். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் கெடு. நாலு மணிக்குள் போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

நீள எண்ணைத் துண்டாக்கி கம்ப்யூட்டரின் நினைவில் வரிசையான பெட்டிகளில் வைக்க வேண்டும். பெட்டிக்கு ஓர் இலக்கமாக அடுக்கினால் எளிது, ஆனால் நத்தை வேகம். பொன்மணி பெட்டிக்கு நாலு இலக்கமாக அடைத்தாள். பறந்தது. கெடு நாளன்று கடைசியாக 10005-ஐ 10005-ஆல் பெருக்கிப் பார்த்தாள்.

11025.

பத்துக்கோடியைத் தாண்ட வேண்டியது பதினோராயிரமாகச் சுருங்கிக் கிடந்தது. வரிவரியாகத் தேடினாள். பெருக்கலில் தப்பே இல்லை. மேலாளர் முனியராஜுக்குப் போன் போட்டாள்.

"சார், பெட்டிக்கு ஒரு இலக்கமாவே மாத்திரட்டுமா?"

"மெதுவா ஓடுறதுதான் ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கேம்மா. இன்னொண்ணு எதுக்கு?"

மணி மூன்று. அச்சாபீசில் சீட்டுகளுக்கு வரிசை எண் அடிக்கும் நம்பரிங் மிஷின் ஓட்டும் அப்பா ஊர்க்காவலன் ஒரு கட்டுத் தாளோடு உள்ளே வந்தார்.

"ஏத்தா, பேத்திக்கு அடியில விரி. கோயில் கொடைக்கு அடிச்ச பரிசுக் கூப்பன். அம்புட்டும் வேஸ்ட்டு."

"என்னாச்சுப்பா?"

"சைபர் வீலு மை வாங்கல. 0025 விழுகிற இடத்துல வெறும் 25. அதுல என்ன கெட்டுப்போச்சுன்னேன். 'ஏலே, முன்னால எவனாவது ஒரு ஒண்ணைப் போட்டு 125ன்னு வந்து நின்னா, பரிசை உங்க அப்பனா குடுப்பான்?'னு மொதலாளி கிளிச்சிட்டாரு."

பொன்மணி கூப்பனையே வெறித்தாள். பெட்டிகளில் 1, 0010, 0025 என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வெளியே எழுதும்போது முன்சைபர்கள் உதிர்ந்து, 1, 10, 25 ஒட்டிக்கொண்டு 11025 ஆகியிருக்கிறது.

"அடப் பாவி!" என்று அலறினாள். பிள்ளை வீறிட்டது.

"யாரைத்தா சொல்லுதே, என்னையா?"

"இல்லப்பா, என்னையத்தான்!"

முதல் பெட்டி அப்படியே, மற்றவை நாலு இலக்கமும் தெரிய வேண்டும். ஒரே வரியை மாற்றினாள். 100100025 வந்து நின்றது. டேட்டா கார்டுக்குச் சிக்னல் கிடைக்க மொட்டை மாடிக்கு ஏறினாள். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்க மெயில் போனது.

கால்மணி கழித்துப் போன் அடித்தது.

"பொன்மணி, மிச்ச ஃபைல் எங்கம்மா?"

"மிச்சமா? அம்புட்டுதான் சார்."

அந்தப் பக்கம் முனியராஜ் கீபோர்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மொத்தமே முந்நூறு வரியா? பழசு ஒரு நிமிஷம் எடுக்கிற கணக்கை, நான் கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள முடிச்சிருச்சேம்மா! இதையே வச்சுக்கிடுவோம்."

படியில் நின்ற ஊர்க்காவலனுக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பதறியது.

"என்னத்தா, ஆர்டர் ரிட்டர்னா?"

"இல்லப்பா," என்றாள், இன்னும் நம்ப முடியாமல். "எடுத்துக்கிட்டாக."

கீழே பேத்தி வேஸ்ட்டுக் கூப்பனை நனைத்துவிட்டு அழுதாள்.