வெண்கலத்தின் கட்டைவிரல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பிவைத்தது. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் உட்கார்ந்து "வாங்க, வாங்க" என்று கத்தத் தொடங்கியவர், முப்பது வருஷத்தில் சொந்த வீடு கட்டினார். அதில் ஓர் அறைச் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, கம்ப்யூட்டர் வைத்து, கடைகளுக்கு விளம்பரம் பேசிக் கொடுத்தார். பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இப்படி வளர்ந்தார்கள்? விரல்விட்டு எண்ணினால் விரல் மிச்சம் இருக்கும். குரல் வெண்கலம், ஆளுக்குப் பெயரும் அதுவே ஆகிவிட்டது.

அந்த வீட்டின் வயரிங் முழுவதும் அவர் கைவேலை. பிளக்கில் இரண்டு முள்தான் வேலை செய்கிறது, மூன்றாவது தடி முள் வெறும் அழகுக்கு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே சுவரில் இரண்டு ஓட்டைப் பாயிண்டுகளாகப் போட்டு, வீட்டிலிருந்த பிளக்குகளின் தடி முள்ளைக் குறடு வைத்து ஒடித்து எறிந்தார். இந்த யோசனை எந்த எஞ்சினியருக்கும் வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது.

மெத்தைக் கடை முதலாளி ஒரு வருஷ விளம்பரம் தருவதாக இருந்தார். "இப்பல்லாம் கம்ப்யூட்டரே பேசுதாமே, ஆளே வேணாமாமே" என்றும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். அவர் கம்ப்யூட்டர் குரலுக்குப் போனால் மற்ற கடைக்காரர்களும் பின்னாலேயே போவார்கள். அவரை அசத்துவதற்காக வெண்கலம் புதிதாக ஒரு சப்வூஃபர், அதாவது அடித்தொனியை அதிரவைக்கும் ஸ்பீக்கர் பெட்டி, வாங்கிக் கம்ப்யூட்டரோடு இணைத்து மேசைக்கடியில் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் அது உர்ரென்றது. பாட்டு வைத்தாலும் உர்ர், நிறுத்தினாலும் உர்ர். முதலாளி வர மூன்று நாள் இருந்தது.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள்.

"சார், ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க."

"காலையிலேர்ந்து நான் வேற என்னம்மா பண்ணிட்டிருக்கேன்?"

"வேற சாமான் பக்கத்துல இருக்கா சார்?"

"நான்தான் இருக்கேன்."

"சரி சார். கம்ப்யூட்டர் சொருகியிருக்கற பாயிண்ட்ல மூணு ஓட்டை இருக்கான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

வெண்கலத்துக்குச் சுருக்கென்றது. "பெட்டி உறுமுதுன்னா சுவத்துல ஓட்டையை எண்ணச் சொல்றியா? இந்த வீட்டு வயரிங்கே நான் போட்டதும்மா!" என்று போனை வைத்துவிட்டார். அவருக்குக் கிடைத்த முதல் நல்ல யோசனை அந்தப் பெண் கேட்ட கேள்விதான்.

மறுநாள் பெட்டியை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் அதைத் தன் போனில் இணைத்துப் பாட்டு வைத்தார், நிறுத்தினார். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"பெட்டி பச்சைப்புள்ளையாட்டம் தூங்குது அண்ணே. கோளாறு உங்க வீட்லதான். கம்ப்யூட்டர் பிளக்ல தடி முள் இருக்குதா?"

"இருக்கு, இருக்கு" என்றார் வெண்கலம், தெருவைப் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை காலை பத்தரை. பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. குனிந்து வயரைப் பிடுங்கி மாட்டும்போது, அவர் கால் அங்கே கீழே இருந்த கம்ப்யூட்டரின் தகரத்தில் பட்டது. சத்தம் சட்டென்று அடங்கியது. காலை எடுத்தார், உர்ர். வைத்தார், அமைதி. புரிந்துவிட்டது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்க, தடி முள் செய்யவேண்டிய வேலையை அவர் கட்டைவிரல் செய்துகொண்டிருந்தது. லேசாக ஊசி குத்துவதுபோல் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். வெண்கலம் எழுந்திருக்காமல், ஒரு காலை மேசைக்கடியில் நீட்டியபடியே கும்பிட்டார்.

"கால்ல என்ன?"

"சுளுக்கு."

விளம்பரம் ஓடியது. "படுத்தால் போதும், பாதிக் கனவு இலவசம்!" என்ற குரல் முதலாளியின் வயிற்றுக்குள் இறங்கியது. அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! இது நிஜக் குரல்தான்னு என் பார்ட்னர் நம்பமாட்டான். எழுந்து நின்னு ஒரு தடவை பேசுங்க, வீடியோ எடுத்துக்கறேன்."

வெண்கலத்துக்கு வேர்த்தது. மேசைக்கடியிலிருந்த காலை எடுத்தால் ஒரு வருஷ வேலை போய்விடும். காலையில் அவர் காலை வைத்து வைத்து எடுத்ததை அறை வாசலில் நின்று பார்த்திருந்த மனைவி, அப்போது தண்ணீர்ச் சொம்போடு உள்ளே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். சொம்பை வைத்துவிட்டு, மேசையோரம் குனிந்து கம்ப்யூட்டரின் தகரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வெண்கலம் எழுந்து பேசினார். பெட்டி கப்சிப்.

"முடிவு பண்ணிட்டேன்" என்றார் முதலாளி. "வாரத்துக்கு ஒரு விளம்பரம். திங்கட்கிழமை தவறாம வந்து கேட்பேன்."

அவர் தெருமுனை தாண்டியதும் மனைவி கையை உதறினாள். "வாராவாரம் நான் இங்க கை வெச்சுட்டு நிக்க முடியாது. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியாச்சு."

சாயங்காலம் வந்த எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு பாயிண்டாகக் கழற்றிப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"எர்த்துக் கம்பியே இல்லியே! உயிரோட விளையாடியிருக்கான். யாருங்கய்யா போட்டது இந்த வயரிங்கை?"

மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் அன்றைக்கு அந்த அறையைத் தாண்டவில்லை.

"அவன் செத்துட்டான்பா."

"அடப்பாவமே" என்றாள் மனைவி அறை வாசலில் நின்று. "எப்போங்க?"

"இப்பத்தான்."