குடிலில் படுத்திருந்த மாடு

என் மருமகள் கண்ணாடி அலமாரி ஒன்று வாங்கியிருக்கிறாள். புத்தகம் வைக்க என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டதுதான் மிச்சம். பிராணிகள் வைக்கவாம். மேல் தட்டில் ஜப்பானிலிருந்து வந்த செல்லுலாய்டு முயல், நிக்கல் பூசிய மான், ஒற்றைக் காலில் நிற்கும் கண்ணாடிக் கொக்கு. கீழ்த் தட்டில் பழையவை. பழசையும் புதுசையும் கலந்து வைப்பதுதான் இப்போது நாகரிகம் என்கிறாள். பென்ஷன் வாங்கிக்கொண்டு மகன் வீட்டு முன் அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதில் எதிர்க்கட்சி ஆட முடியுமா? நானும் பழசுதானே, என்னையும் ஒரு தட்டில் வைத்திருக்கிறாள்.

இன்று காலை அந்த மானுக்கு அவள் மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைத் திரவம், மண்ணெண்ணெய்போல ஒரு வாடை. எனக்கு ஏனோ புளி வாசனை வந்தது. மூக்குக்கு வயதாகிவிட்டால் இப்படித்தான், எதிரே இருப்பதை விட்டுவிட்டு எப்போதோ போனதை முகரும்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பவள் என் அக்கா ஞானம்மா. இந்தப் பினாங்கில் ரிக்ஷாவும் டிராமும் மட்டும் ஓடிய நாட்கள் அவை. அத்தானுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை லேலாங்கில் போட்டுவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். ஏலத்தை இங்கே எல்லாரும் லேலாங் என்றுதான் சொல்வோம். மற்றவர்கள் அங்கே கட்டிலும் மேஜையும் எடுப்பார்கள். அத்தான் அக்காவுக்காகப் பீங்கான் நாய்களைத் தூக்கிக்கொண்டு வருவார். இங்கிலாந்து நாய், சீனச் சிங்கம், ஜாவா மர வாத்து என்று அந்தக் கம்பெனி வீட்டில் மனிதர் உட்கார இடமில்லாமல் பிராணிகள் உட்கார்ந்திருந்தன.

கிறிஸ்துமஸ் வந்தால் அத்தனையும் குடிலுக்குள் போய்விடும். பெத்லகேமில் சிங்கம் ஏது, வாத்து ஏது என்று நான் கேட்பேன். "நீ போய்ப் பாத்தியாடா?" என்பாள் அக்கா. ஆனால் பாலனுக்குப் பக்கத்து இடம் ஒருவருக்குத்தான்: பித்தளை மாடு. கால் மடக்கிப் படுத்திருக்கும். கழுத்தில் சலங்கை, முதுகில் பூப்போட்ட ஜமுக்காளம், திமில். பார்த்த எவருக்கும் தெரியும், ஏதோ சிவன் கோயிலிலிருந்தோ பூஜையறையிலிருந்தோ வழிதவறி வந்த நந்தி அது. அக்கா அதன் கழுத்தில் வெள்ளை ரிப்பன் கட்டி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள்.

ஒரு வருஷம் குடிலை மந்திரிக்க வந்த பிரெஞ்சுச் சாமியார் அதன் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன மாடு, ஞானம்மா?"

"உழுத களைப்புல படுத்திருக்கு, சாமி."

சாமியார் தாடிக்குள் சிரித்துக்கொண்டு அதற்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

அக்கா அந்த மாட்டுக்கு அருகில் ஓர் அகல் ஏற்றி வைப்பாள். கொஞ்ச நேரத்தில் பித்தளை சூடேறிவிடும். "பீங்கான் மாடு சில்லுன்னு இருக்கும்டா. இது மூச்சு விடும். புள்ள குளிராம தூங்கும்" என்பாள். அவள் பெற்ற ஒரே பிள்ளை, பேர் வைத்த வாரத்திலேயே, காய்ச்சலில் நடுங்கி நடுங்கி அவள் மடியில் போனது. ஆகவே மாடு மூச்சு விடுமா என்று நான் விவாதிப்பதில்லை.

அத்தான் திடீரென்று இறந்தார். உயில் இல்லை. எனக்கு அப்போது கோர்ட்டில் சொத்துப் பிரிவில் கிராணி உத்தியோகம்; குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்வோம். சட்டம் எனக்கு மனப்பாடம். பிள்ளை இல்லாத விதவைக்குப் பாதி. மறுபாதி நாகப்பட்டினத்தில் இருக்கும் அத்தானின் அண்ணனுக்கு. நாயைப் பாதியாக அறுக்க முடியாது, ஆகவே எல்லாவற்றையும் விற்றுப் பணத்தை அறுப்பார்கள். வீடும் கம்பெனி வீடு, காலி செய்தாக வேண்டும்.

"எல்லாத்தையும் வித்துக்கடா. அந்த மாட்டை மட்டும் நான் வாங்கிக்கிறேன்" என்றாள் அக்கா.

"நீ வாங்கக் கூடாதுக்கா. கோர்ட்டுல சொத்துக்கு நிர்வாகி நீதானே. நிர்வாகம் பண்றவங்க அதுலேருந்து வாங்கக் கூடாது."

"என் மாட்டை நான் வாங்கக் கூடாதா? சரி, நீ வாங்கு."

"கோர்ட்டு ஆளும் கூடாது."

"அப்ப கூடும்னு உன் சட்டத்துல என்னதான்டா இருக்கு?"

இருந்தது. நீதிபதியிடம் அனுமதி கேட்டு மனுப் போடலாம். லேலாங் முடிந்து, கிறிஸ்துமஸ் முடிந்து, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் உத்தரவு வரும். நாகப்பட்டினத்து அண்ணனின் சம்மதம் வாங்கலாம்; அதுவும் கப்பலேறித்தான் வரவேண்டும். குரலைத் தாழ்த்தி, பேசாமல் எடுத்து வைத்துக்கொள்ளேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "ஒண்ணையும் மறைக்கலன்னு வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சொல்ல வெச்சதே நீதானடா" என்றாள். ஆமாம், அந்த நடைமுறையும் நான்தான் நடத்திவைத்தேன்.

கடைசியில் மார்க்கெட் தெருவில் துணிக்கடை வைத்திருந்த என் சிநேகிதர் காதர் பாயைப் பிடித்தேன். வெளியாள், அவர் எடுத்துத் தானமாகக் கொடுத்தால் எந்தச் சட்டமும் வாய் திறக்காது. "பித்தளை மாடு, பாய். படுத்திருக்கும். என்ன விலைன்னாலும் விட்டுடாதீங்க."

"கவலைய விடுங்க கிராணியாரே. மாடு உங்க வீட்டுக்கு வந்தாச்சுன்னு வைங்க."

லேலாங் அன்று கோர்ட்டின் சார்பில் ஏலக்காரனுக்குப் பின்னால் பேனாவோடு நின்றேன். வாய் திறக்கக் கூடாது. ஜோடி நாய்கள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போயின. பிறகு மாடு மேஜைக்கு வந்தது. காதர் பாய் முன்வரிசையில் நின்றார். எட்டி, சலங்கையைப் பார்த்தார், திமிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் கையமர்த்தினார்.

கப்பல் இஞ்சினியர் ஒருவன் விலை சொன்னான்.

"சத்து காலி! துவா காலி!" என்று ஏலக்காரன் கூவினான். ஒருதரம், இரண்டுதரம். நான் இருமினேன். தொண்டை கிழிய இருமினேன். யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "தீகா காலி!" சுத்தியல் விழுந்தது. மேஜைக் காகிதம் பறக்காமலிருக்க நல்ல கனம் என்று இஞ்சினியர் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் கப்பல் ரங்கூனுக்குப் போய்விட்டது.

அன்று மாலை காதர் பாய் நான் குடியிருந்த வீட்டுக்கு வந்தார். அக்காவும் அதற்குள் அங்கே வந்துவிட்டிருந்தாள். புதுக் கைலியில் சுற்றியிருந்ததை அவர் பெருமையாகப் பிரித்தார். வெள்ளைப் பீங்கானில் ஒரு பசு. அதுவும் படுத்திருந்தது. அதுவும் அத்தான் வாங்கியதுதான்.

"கிராணியாரே, நல்ல வேளை நான் கவனிச்சேன். நீங்க சொன்ன மாடு இந்துமாருங்க சாமி கும்புடுற மாடு! நீங்க வேதக்காரங்க, தெரியாம வீட்டுல வெச்சுக்கிட்டா பாவமில்லியா? ஒரு சிநேகிதன் பாத்துக்கிட்டு நிக்கலாமா? அதான், அத விட்டுட்டு இத எடுத்தேன். காசெல்லாம் வேணாம்."

நான் வாயைத் திறந்தேன். கதவோரம் நின்ற அக்கா என்னை முந்திக்கொண்டாள்.

"ரொம்ப நல்லதுங்க பாய். உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடித்துவிட்டு, இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டுப் போனார். தன் சிநேகிதனை நரகத்திலிருந்து காப்பாற்றிய திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அவர் மேல் கோபப்பட ஏதாவது பிரிவு உண்டா என்று தேடிப்பார்த்தேன். இல்லை. யார் மேலும் இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா சின்னதாக ஒரு குடில் வைத்தாள். வைக்கும் முன் பசுவை அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சூடேற்றினாள். ஈரத்துணியால் துடைத்தபோது விரல் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம். கழுத்திலிருந்து வயிறுவரை விரிசல். அக்கா அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு, பாலன்மேல் தன் கைக்குட்டையை மடித்துப் போர்த்தினாள்.

அக்கா போய் எத்தனையோ வருஷமாயிற்று. காதர் பாயின் கடையில் இப்போது ரேடியோ விற்கிறார்கள். லேலாங் நடந்த அந்த ஏலக்கடையும் இல்லை; அதன் வாசலில் நின்றுபோகும் டிராமையும் நிறுத்திவிட்டார்கள். மருமகள் கிறிஸ்துமஸுக்கு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கவிடுவதோடு சரி.

"மாமா, இந்த விரிசல் விட்ட பசு அலமாரி அழகையே கெடுக்குதுலா. எடுத்துடட்டுமா?" என்று காலையில் கேட்டாள்.

"அது படுத்திருக்குற இடத்துல இருந்துட்டுப் போகட்டுமேம்மா" என்றேன். காரணம் கேட்டாள். மானுக்கு இன்னும் கொஞ்சம் மெருகு போடலாம் என்றேன். அவள் சமையலறைக்குப் போனபின் எழுந்து போய், கண்ணாடிக் கதவைத் திறந்து, உள்ளங்கையால் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தேன்.

சில்லென்றுதான் இருந்தது.