சுரண்டாத கொக்கி

பட்டறையில் அவளுக்கு வாய்க்காரி என்றுதான் பேர். இரும்பு நாற்காலிக்குப் பெயிண்ட் அடிக்கிற அறைக்குள் யாராவது பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவைத் திறந்து வைத்தால் போதும், அவள் கத்துகிற கத்தலில் கூரை பிய்த்துக்கொள்ளும். கத்தாமல் கொஞ்சுவாளா? அவள் கையில் இருப்பது பெயிண்டோடு மின்சாரத்தையும் ஏற்றித் துப்புகிற துப்பாக்கி. அந்த மின்சாரம் நாற்காலியில் இறங்கி, அது தொங்குகிற கொக்கி வழியாக எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். போக வழியில்லையென்றால் நாற்காலியிலேயே தங்கி, கிட்டே வருகிற எந்த உலோகத்தின்மேலும் பொறியாகப் பாயும். தின்னர் ஆவி நிறைந்த அறைக்கு ஒரு பொறி போதாதா?

வழியை அடைப்பது கொக்கியில் படிகிற பழைய பெயிண்ட். இரும்பு தெரியச் சுரண்டிவிட்டுத்தான் நாற்காலியை மாட்ட வேண்டும். அந்த வேலை அவள் புருஷனுடையது. கட்டினவன் கைதானே என்று அதை மட்டும் அவள் சோதித்துப் பார்ப்பதில்லை. அங்கேதான் ஏமாந்தாள்.

அவசர ஆர்டர் ஒன்று வந்தது. "சுரண்டிக்கிட்டே இருந்தா எப்பய்யா முடியும்? அப்படியே மாட்டு" என்றார் முதலாளி. அந்த மகராசனும் சரி சரியென்று தலையாட்டிவிட்டு மாட்டினான். பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை.

அன்றைக்குப் பெயிண்ட் நாற்காலியில் ஒட்டாமல் அவள் கைப்பக்கமே திரும்பி வந்தது. கை முடி சிலிர்த்தது. ஏதோ சரியில்லை என்று துப்பாக்கியை விலக்குவதற்குள் 'சட்'டென்று ஒரு பொறி, குப்பென்று தீ. ஓடிவந்தவர்கள் சுவிட்சை அணைத்து, அவளை வெளியே இழுத்து, தீயையும் அணைத்தார்கள். புருவமும் முன்முடியும் கருகியதோடு போயிற்று. கண் தப்பியது அவள் நல்ல நேரம்.

முதலாளி வந்ததும் என்ன கேட்டார்? வலிக்கிறதா என்றா? "மோதிரம் போட்டுக்கிட்டு உள்ள போனியாம்மா? அதான் பொறி அடிச்சிருக்கு. நாளையிலேருந்து வேலைக்கு வராதே" என்றார்.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! தினமும் மோதிரத்தைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் அவள் உள்ளே போவாள். அது புருஷனுக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை தப்பும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க, நான் மோதிரம் போட்டிருந்தேனா?"

அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான்.

"கொக்கியச் சுரண்டினீங்களா?"

முதலாளி முந்திக்கொண்டார். "அதெல்லாம் நல்லாத்தான் சுரண்டியிருக்கான். என்னய்யா?"

"ம்" என்றான் புருஷன்.

அந்த ஒரு 'ம்' அவளுக்குத் தீயைவிட எரிந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து அவனிடம் நீட்டினாள்.

"கொக்கி நல்லாத்தானே இருக்கு? மிச்ச நாற்காலியெல்லாம் நீங்க மாட்டினபடியே தொங்குது. உங்க கையில மோதிரமும் இல்ல. போய் அடிங்க."

அவன் கை நீளவில்லை.

"அட, வாங்கி அடிச்சுத்தான் காட்டேன்யா" என்று முதலாளி அதட்டினார்.

அவன் கொக்கிகளைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான், பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். "வேணாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

"காலையில என்னை உள்ள அனுப்பினப்ப அந்தப் பயம் எங்க போச்சு?" என்று கேட்டாள் அவள்.